துரையை அடக்கம் செய்த அன்று

அயர்லாந்து,
12.11.1956

அன்புள்ள அம்மாவுக்கு மார்த்தாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

நான் நர்ஸாக இருந்து பார்த்துக்கொண்ட துரை போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். பயப்படாதே, துரைசானி அம்மா என்னை இருக்கச் சொல்லிவிட்டார்கள். உழுகிறவனுக்கே நிலம் சேரவேண்டும் என்று அந்தக் காலத்தில் லண்டன் பிரபுக்கள் சபையில் பேசி, சொந்தக்காரர்களிடம் ஏச்சு வாங்கினவர் துரை. நிலம் கிடைத்த குடியானவர்கள் அத்தனை பேரும் அடக்கத்துக்கு வந்தார்கள். ஆனால் அவர்கள் கத்தோலிக்கர்கள், எங்கள் புரோட்டஸ்டண்ட் கோயிலுக்குள் வந்தால் பாவமாம். தொப்பியைக் கழற்றிவிட்டு மழையிலேயே நின்றார்கள். மிராசுதார் வீட்டுச் சாவுக்கு அப்பா வெயிலில் வெளியே நின்றது ஞாபகம் வந்தது. நானோ முதல் வரிசையில், துரையின் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

குழியில் ஆளுக்கு ஒரு பிடி மண் போடச் சொன்னார்கள். நானும் போட்டேன். அது துரைக்குப் போட்டதில்லை அம்மா.

மாமல்லபுரத்துக் காற்றுக்கு மணல் மூடிவிடும். அப்பா கல்லறையைச் சுற்றி நாலு கல் வைக்கச் சொல். கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்பு, இங்கே சாப்பாடு இறங்கவில்லை.

"பொண்ணு வந்துகினு கீதா?" என்று அப்பா கடைசிவரை கேட்டதாக எழுதியிருந்தாயே. கல்லறைக்குப் போகும்போது, "வந்துகினு கீது" என்று சொல்லிவிடு.

தபால்காரர் வந்துவிட்டார்.

மார்த்தாள்