தோட்டத்துக் கிளையில் என் பெயர்

ஜூன் 7, சனி

பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இவர் வந்து கூடத்தில் நின்றார். கட்சியின் தொகுதித் தேர்தலில் இவர் தலைவருக்கு நிற்கிறார். இவரோடு துணைத்தலைவருக்கு நிற்பது யார் என்பதும் முடிவாகிவிட்டதாம்.

"யாரு?"

"புனிதன்."

எந்தப் புனிதன் என்று நான் கேட்கவில்லை. நான் பிறந்த தோட்டத்தை முதலாளிகள் விற்றபோது லயத்து வீடுகளை இடிக்கக் குத்தகை எடுத்தவன். சனங்கள் காலி செய்யவில்லை என்று மாதக்கணக்கில் தண்ணீரை நிறுத்தினவன். அண்ணி கங்கா ஏழு மாத வயிற்றோடு ஆற்றிலிருந்து வாளி வாளியாகத் தூக்கினாள். பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே தங்கவில்லை.

"அரசியல் உனக்குப் புரியாது தனம். புஞ்சாக் ஆலாம் பக்கத்துக் கட்சிக் கிளைங்க எல்லாம் அவன் கையில. ஜெயிச்சாத்தான் உங்க அண்ணனுக்கெல்லாம் வீடு வாங்கிக் குடுக்க முடியும்."

வீடு. அண்ணன் குடும்பமும் மற்றவர்களும் இன்னும் அந்தத் தகரக் கொட்டகையில் 'தற்காலிகமாக' இருக்கிறார்கள். அதனால் உடனே எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் செல்லையா போனில்: "உம் புருஷன இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லு." நான் வரலாமா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

தோட்டத்து வாட்சாப் குழுவில் நேற்றிலிருந்து இவரை ஏசி ஓயவில்லை. 'ரவீந்திரனுக்கு வேற ஆளே கெடைக்கலையா.' 'அந்தப் பிள்ளையப் பொதைச்ச எடத்துல நின்னு ஓட்டுக் கேக்கச் சொல்லு.' கடைசிவரை படித்தேன். எழுதினவர்கள்மேலும் கோபம், இவர்மேலும் கோபம்.

ரஹ்மத் கடைக்கு ரொட்டி வாங்கப் போனேன். என்னைக் கண்டதும் மேசைகளில் பேச்சு நின்றது. ரஹ்மத் மட்டும் மெதுவாக, "டீச்சர், நீங்களும் சரின்னுட்டீங்களா லா?" என்றார். காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன். என்னக் கேட்டா முடிவு பண்ணாங்க? கேட்டிருந்தா? கேட்டிருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பேன்?

ஜூன் 29, ஞாயிறு

தோட்டத்துச் சந்திப்பில் கட்டியிருந்த தேர்தல் பதாகையில் சாணி அடித்திருக்கிறார்கள். புனிதன் முகத்தில் ஒரு கை சாணி. இவர் முகம் தெரியவே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடித் திருவிழாவில் ஒரு நாள் உபயம் எங்களுடையது. லயம் போனாலும் மாரியம்மன் கோயில் அங்கேதான் நிற்கிறது. நேற்றே போய், கொட்டகையில் இருக்கும் வள்ளியம்மாவோடு காய் நறுக்கினேன். சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பிரட்டல், பாயாசம். எப்போதும் இருக்கிற அளவுதான்.

பூசைக்கு எல்லாரும் வந்தார்கள். எல்லாரும்! எனக்கு உயிரே வந்தது. தீபாராதனை ஆனது, திருநீறு வாங்கினார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விரித்த இலை விரித்தபடி கிடந்தது. யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"நீயாச்சும் ஒரு வாய் சாப்பிடு வள்ளியம்மா," என்றேன். அழுதுவிட்டாள். "நானும் இவங்களோடதான் இருக்கணும் டீச்சர்."

சோற்றையெல்லாம் காரில் ஏற்றி, புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாவம், நன்றாகச் சாப்பிட்டார்கள். இவர் பார்த்துக்கொண்டே நின்றார். "எல்லாம் வீடு கெடைக்கட்டும், அப்பறம் வருவாங்க," என்றார். யாருக்குச் சொன்னாரோ.

ஜூலை 27, ஞாயிறு

கட்சியில் புது விதி: தலைவர், துணைத்தலைவர் இருவருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. ஒருவரை விட்டு ஒருவருக்குப் போட முடியாது.

கல்யாணத்துக்குப் பிறகும் என் பெயர் பிறந்த தோட்டத்துக் கிளையிலேயே இருக்கிறது. மாற்றுகிறேன் என்றபோது இவர்தான் விடவில்லை. "இருக்கட்டும் தனம், அங்க நமக்கு ஒரு ஓட்டு நிச்சயம்." இன்றைக்கும் அதையே சொன்னார், சிரித்துக்கொண்டு.

இவர் கெட்டவர் இல்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தூக்கிக் குளிப்பாட்டினவர். ஆனா இவருக்குப் போட்டா அவனுக்கும் போட்டதாகுமே! கங்கா அண்ணி மொகத்த நான் எப்படிப் பாப்பேன்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று தேர்தல். காலையில் இவரே காரில் தோட்டத்துக் கிளைக்குக் கொண்டுபோய் விட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் கங்கா அண்ணி. ஓட்டுப் போட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஜெயித்துவிட்டார். நேற்று மாலை வீடு கொள்ளாத கூட்டம், எல்லாம் புஞ்சாக் ஆலாம் ஆட்கள். நான் தேநீர் கலக்கிக் கலக்கிக் கொடுத்தேன். புனிதன் எங்கள் சோபாவில், மாலையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். தட்டை நீட்டியபோது லட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "என்னாக்கா, ஒங்க தோட்டத்துக் கிளையில நமக்கு ஒரு ஓட்டுகூட விழலியே?" என்றான்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் நிமிரவே இல்லை.

"அவளுக்குக் காய்ச்சல்," என்றார். "ஓட்டுப் போடவே போகல."

உடனே ஆளாளுக்கு என்னை விசாரித்தார்கள். டெங்கியா என்றார் ஒருவர். பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொன்னார் இன்னொருவர். எல்லாருக்கும் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இவர் என்னிடம் பேசி நாலு நாள் ஆகிறது. ஏசினால்கூடத் தேவலை. தோட்டத்து ஆட்களின் வீட்டுக்காகப் பேசப் போனாரா என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது.

சாயங்காலம் போன் அடித்தது. கங்கா அண்ணி. எத்தனை நாளைக்கு அப்புறம்! இவர் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குக் காய்ச்சலாமே தனம்? எல்லாரும் சொல்றாங்க."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவள்.

"ஆமா அண்ணி."



"ஒடம்பப் பாத்துக்க," என்றாள். குரல் உடைந்திருந்தது. "முடிஞ்சா ஒருநா வந்துட்டுப் போ. நீ மட்டும்."

இவர் பேப்பரைத் திருப்பவே இல்லை.