இயற்கை மகன்

1957 பிப்ரவரி 4, திங்கள்

மழை. தேவாலயத்தில் சர் கில்பர்ட் கின்டோர்மியின் கல்லறை அருகே அரை மணி நேரம் இருந்தேன். மேலே கற்சிலையாய்ப் படுத்திருக்கிறார், மூக்கு உடைந்துவிட்டது, காலடியில் கல் நாய். அறுநூறு வருடத்துக்கு முந்தைய போரில் முதலில் எதிரியான இங்கிலாந்து அரசருக்கு மண்டியிட்டவர், பத்து வருடம் கழித்து நம் அரசரிடம் திரும்பினார். அந்தப் போரில் இரண்டு மகன்களும் போய்விட்டார்கள். கடைசியில் தன் நிலங்களையும் பெயரையும் ‘என் இயற்கை மகன் ஜானுக்கு’ என்று சாசனம் எழுதிக் கொடுத்தார். இயற்கை மகன்! என்ன அழகான சொல். தத்து இல்லை, சொந்த ரத்தம். நாங்களும் கின்டோர்மிதானே? அந்த ஜான் வழிதான். வேறு எப்படி இருக்க முடியும்?

பிப்ரவரி 10

ஊர் மன்றத்தில் படிக்க வம்சப் படம் வரைகிறேன். நடுவில் இருநூறு வருடம் கிடைக்கவில்லை, புள்ளி வைத்தேன். அப்பா சாப்பிடும்போது தாத்தாவின் பெயரைக் கேட்டேன்.

“எங்கம்மா பேரு இசபெல். அதைப் போட்டுக்கோ.”

“ஆம்பளை பேருதான்பா வேணும்.”

நிலக்கரி எடுக்க எழுந்து போய்விட்டார். தொட்டி நிறையத்தான் இருந்தது.

தாத்தாவின் இடத்தில் நானாகவே ராபர்ட் என்று எழுதினேன். பென்சிலில்தான். பிறகு மையில்.

பிப்ரவரி 22

எப்படி எழுதுவேன்? “எங்கள் குலமுதல்வர், சர் கில்பர்ட்டின் இயற்கை மகன் ஜான்” என்று நிமிர்ந்து நின்று படித்தேன். பின்வரிசையில் கசாப்புக் கடைக்கார அம்மாள், “அந்த வழக்கத்தை அந்த வீட்ல இன்னும் விடலையே!” என்றாள். மன்றமே சிரித்தது. எனக்குப் புரியவில்லை. ராபர்ட் வரை படித்து முடித்தேன். ஒரே ஒருவர் கை தட்டினார் – அப்பா. கல்யாணக் கோட்டு, சுவருக்குக் கல் அடுக்கிக் காய்த்த கைகள். அவர் யாரோ என்பதுபோல நான் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 23

அம்மா டர்னிப் நறுக்கிக்கொண்டே சொன்னாள். “கல்யாணம் ஆகாம பொறந்த புள்ளைய அந்தக் காலத்துல ‘இயற்கை மகன்’னுதாண்டி எழுதுவாங்க. உங்கப்பாவும் அப்படித்தான். உங்க பாட்டி பண்ணை வேலைக்குப் போன இடத்துல... ஆளு யாருன்னு அவங்க கடைசிவரைக்கும் சொல்லல. ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் தெரியவேணாம்னாரு.”

“அப்போ நான் ராபர்ட்னு படிச்சப்ப?”

“கேட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாரு.”

ஐயோ. எவ்வளவு கேவலமானவள் நான். அவருக்கு இல்லாத அப்பாவை, அவர் முன்னாலேயே –

பிப்ரவரி 24

கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 2

அப்பா சுவர் கட்டும் மேட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், “யாரும்மா அந்த ராபர்ட்டு? நல்ல ஆளா? குடிப்பானா?” என்றார். அழுதுவிட்டேன்.

“ஏன்பா கை தட்டினீங்க?”

ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்க கில்பர்ட் ஐயா, இவன் எம் மவன்னு நாலு பேரு சாட்சியோட எழுதிக் குடுத்தாரு பாரு. அதுக்குத்தான்.”

மார்ச் 15

புதிய படம் மன்றத்தில் மாட்டியாயிற்று. ஜானுக்கும் எங்களுக்கும் நடுவே கேள்விக்குறி. அப்பாவின் பெயருக்கு மேலே இசபெல் கின்டோர்மி, பண்ணை வேலைக்காரி. பக்கத்தில் எதுவுமில்லை.

கசாப்புக் கடைக்கார அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். “ராபர்ட்டைக் காணோமே?”

“அப்படி யாரும் இல்லைங்க. நான்தான் பொய்யா எழுதினேன்.”

குரல் நடுங்கவில்லை என்று எழுத ஆசை. நடுங்கியது.