செவப்பி போன வழி

இன்று காலை கூட்டைத் திறந்தால் தரையெல்லாம் இறகு. ராத்திரி பெய்த தூறலில் மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. புரட்டாசி பாதிகூட ஆகவில்லை, அதற்குள் கோழிகள் உதிர்க்க ஆரம்பித்துவிட்டன. போன புரட்டாசியிலும் இப்படித்தான். துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன் வீட்டுப் பின்கதவையே பார்த்தபடி நின்றேன். அது பூட்டிக் கிடக்கிறது.

கால்நடை ஆஸ்பத்திரியில் நம் இருவருக்கும் அட்டைப் பெட்டியில் குஞ்சு கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? "முட்டைக்கும் ஆகும், கறிக்கும் ஆகும்மா, நல்ல ஜாதி" என்றார் டாக்டர். "கறிப் பேச்சே வாணாம் சார், முட்டைய மட்டும் சொல்லு" என்று நீ வெடுக்கென்று சொன்னதில் அந்த மனிதரே சிரித்துவிட்டார். படாளம் வந்து சேரும்வரை ஷேர் ஆட்டோவில் பெட்டியின் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாய். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரை ஒட்டி ஒரே கூடாகக் கட்டினோம். உன்னுடையது, என்னுடையது என்று பிரிக்கவில்லை. கோழிகளில் செவப்பி மட்டும் உன் ஆள். நீ துணி துவைத்தால் வாளியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

அதற்காக நீ கறி சாப்பிடாதவள் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து வாங்கி வந்தால் எலும்பைக்கூட விடமாட்டாய். கேட்டால், "கடைக் கோழி மூஞ்சி எனக்குத் தெரியாதுடி. இது தெனம் என் மூஞ்சியப் பாத்துகினு கீது" என்பாய்.

ஆவணிக் கடைசியில் மூச்சுத் திணறல் என்று உன்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் ஏறியவள் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளைப் பற்றிக்கூடச் சொல்லாமல், "எதையும் அறுத்துகிறுத்து வெச்சிடாதடி, நான் வந்து பாத்துக்கறேன்" என்றாய். "போடி பைத்தியம், முதல்ல உன் ஒடம்பப் பாரு" என்றேன்.

நீ போன சில நாளிலேயே செவப்பி முட்டையை நிறுத்தினாள். இறகு கொட்டிக் கழுத்து மொட்டையாகி, பார்க்கவே அருவருப்பாக இருந்தாள். அவள் கதை முடிந்தது என்று நினைத்தேன். நீயாக இருந்தால் அவளைக் கக்கத்தில் இடுக்கி, பின்பக்கத்து இரண்டு எலும்புக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்திருப்பாய். மூன்று விரல் இடம் இருந்தால் முட்டை உண்டு என்பது உன் கணக்கு. நான் விரல் வைத்துப் பார்க்கவில்லை. எனக்குத்தான் எதிலும் அவசரமாயிற்றே.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நீ வீடு திரும்பினாய். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. "நாட்டுக்கோழி சாறு குடிக்கணும் போல கீதுடி" என்று கேட்டாய். ஒரு மாதம் வாயைக் கட்டியிருந்த ஊர் முழுக்க அன்று கடையில்தான் நின்றது. என் முறை வருவதற்குள் நாட்டுக்கோழி தீர்ந்துவிட்டது. வெறும் கூடையோடு கொல்லைப்பக்கம் வந்தேன். செவப்பி காலடியில் வந்து நின்றாள்.

வயிற்றைக் கிழித்தபோதுதான் தெரிந்தது. உள்ளே கொத்தாகக் கருமுட்டை. கடுகு, கடலை, இலந்தைப்பழம் என்று வரிசையாக. இன்னும் சில நாள் விட்டிருந்தால் வைக்க ஆரம்பித்திருப்பாள். அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கருமுட்டை என்றால் உனக்கு உயிர். ஆனால் சாற்றில் போட்டால் நம் கூட்டுக் கோழி என்று கண்டுபிடித்துவிடுவாய். முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

"கடையிலதான் வாங்குனேன்" என்று சொல்லிக் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "உயிரு வந்த மாரி கீதுடி, இன்னொரு டம்ளர் ஊத்து" என்றாய். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கூட்டை எட்டிப் பார்த்தாய்.

"செவப்பி எங்கடி?"

"கீரி தூக்கினு போயிடுச்சு."

வாயில் வந்ததைச் சொன்னேன். நீ அழவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஓட்டுச் சில்லும் பக்கத்தில் கட்டட வேலையில் மிஞ்சிய சிமெண்டும் வைத்து, கூட்டின் அடியில் இருந்த ஓட்டைகளை அடைக்கத் தொடங்கினாய். ஒரு கை பூசுவாய், அப்புறம் மூச்சு வாங்கும், சுவரில் சாய்ந்துகொள்வாய். என்னால் பார்க்க முடியவில்லை.

"உடுடி, நான் அடச்சிக்கறேன்."

"நீ பாத்துகினு இருந்த லட்சணந்தான் தெரியுதே. நான் இல்லாங்காட்டி மிச்சம் கீறதயாவது அந்தக் கீரி உட்டு வெக்க வாணாமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். நாலு நாள் நீ பூசினாய், நாலு நாளும் நான் தண்ணீர் ஊற்றி சிமெண்டைக் குழைத்துக் கொடுத்தேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. கார்த்திகை தீபத்துக்கு அகல் வைக்க நீ இல்லை.

சற்றுமுன் இவர் கொல்லைப்பக்கம் வந்தார். "இன்னா, முட்டையும் இல்ல ஒண்ணும் இல்ல. புரட்டாசி முடியட்டும், ரெண்ட அறுத்துடலாமா?" என்றார். "கூட்டுல கை வெச்சிப் பாருங்க, அப்புறம் இந்த வூட்ல சோறு கெடையாது" என்று நான் கத்திய கத்தலில் கோழிகளே மிரண்டு ஓடின. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. யாருக்குமே தெரியாது.

அவர் போனபிறகு கூட்டின் முன்னால் குந்தினேன். நீ பூசிய சிமெண்ட் இறுகிக் கிடக்கிறது. கடைசியாய் அடைத்த ஓட்டையில் நீ அழுத்திய மூன்று விரல் தடம் அப்படியே இருக்கிறது. அதில் என் விரலை வைத்தேன்.

கீரி எதுவும் வரவில்லைடி. செவப்பியை நான்தான் அறுத்தேன். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாயே, அது அவள்தான்.