நூறு ரூபாய்க்கு ஒரு சதம்

மடுல்சீமை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு விஜயலெட்சுமிக்கு,

உன் வீட்டுக்காரன் மாரிசாமி எழுதுவது. நானும் மகள் நிஷாந்தினியும் சுகம். குவைத்தில் நீ சுகமாக இருக்க முருகனிடம் சொல்லியிருக்கிறேன். மேடம் உன் போனை வாங்கி வைத்துக்கொண்டதில் எனக்கு ஒரு லாபம்: மூன்று மாதமாக ஏச்சு இல்லை. அங்கே உன் பக்கத்து வீட்டு டிரைவர் நிஸாம் நானா லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படி.

புது வீட்டைப் பற்றி அவரிடம் கேட்டு விட்டிருந்தாய். மண்சரிவில் நம் தோட்டத்து லய வீடுகளின் சுவர் பிளந்த பிறகு வெளிநாட்டு உதவியில் கட்டத் தொடங்கினார்களே, அது அத்திவாரத்தோடு நிற்கிறது. உள்ளே மழைத்தண்ணீர். தவளைகள் நமக்கு முன்னால் குடிவந்துவிட்டன.

உதவி தந்த நாடு கைவிரித்துவிட்டதாம். வீட்டுத் திட்டத்துத் தனுஜா மிஸ், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் கூட்டிச் சொன்னார். இனி எப்ப மிஸ் என்று கேட்டோம். பெரிய பேங்குகள் ஒரு நாட்டுக் காசை இன்னொரு நாட்டுக் காசாக மாற்றும்போது நூறு ரூபாய்க்கு ஒரு சதம் வரி எடுத்து, ஏழை நாடுகளுக்குக் கொடுக்கலாம் என்று உலகத்தில் ஒரு பேச்சு இருக்காம். பல வருஷமாகப் பேச்சாகவே இருக்காம்.

உடனே அடுத்த காம்பிரா வீட்டுக் கலாராணி எழும்பி, எம்புள்ள டுபாய்லருந்து அனுப்புற காசுலயா வெட்டப் போறீங்க என்று சண்டைக்குப் போய்விட்டாள். நான் விடுவேனா? எங்க வீட்டம்மா காசுல ரெண்டு சதமா எடுத்துக்கங்க மிஸ், கூரையப் போட்டுக் குடுங்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. அது உங்க காசு இல்லண்ணே, பேங்குங்க காசு என்று சொல்லிக் கடதாசிகளை மடித்தார். அவருக்கும் அன்றோடு வேலை போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் இன்னும் அதே லயத்தில்தான். சுவர் வெடிப்பில் முன்பு என் விரல் போனது, இப்போது உள்ளங்கை போகிறது. மழை நாளில் மகள் காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றாமலே படுக்கிறாள்.

சித்திரையில் உன் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேடம் ஒப்பந்தக் கடதாசி வைத்திருப்பதாக நிஸாம் நானா சொன்னார். வீடு இல்லை என்று படித்ததும் நீ கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு? லயத்திலும் எல்லோரும் அங்கேயே இருக்கச் சொல்லு, இருக்கச் சொல்லு என்கிறார்கள். நானும் இரண்டு தடவை அப்படித்தான் எழுதினேன். இரண்டையும் நிஷாந்தினி கிழித்துவிட்டாள். காரணம் கேட்டால், அம்மாக்கிட்டதான் சொல்லுவேன் என்கிறாள்.

நிஸாம் நானாவின் போனிலாவது ஒரு தடவை அவளோடு பேசு. அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. முருகன் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் மாரிசாமி