மருமகன் தங்காத மண்

மச்சான்,

இன்று காலை என் தேநீர்க் கோப்பையில் ஓர் எறும்பு நீச்சலடித்தது. நான் அதற்கு ஸலாம் சொல்லி, கரண்டியில் ஏற்றி, மேசையில் மரியாதையாக இறக்கிவிட்டேன். உன்னோடு பழகியவனுக்குத்தான் எறும்பின் அருமை தெரியும்.

கல்முனையில் உன் வளவைப் போல் ஒரு காணி ஏழு கண்டத்திலும் இருந்திருக்காது. ஒரு மூட்டை சீனியைக் கொட்டினாலும் எறும்பு எட்டிப் பார்க்காது. "பறக்கத்தான வளவு மச்சான், அல்லாஹ்ட அருள்" என்று நீ நெஞ்சை நிமிர்த்தியதில் சட்டைப் பொத்தான் தெறித்துப் பக்கத்து ஊர்ப் பாண்டிருப்பில் போய் விழுந்தது. அந்த வளவில்தான் மகளுக்குச் சீதன வீடு கட்டத் தொடங்கினாய்.

அத்திவாரம் வெட்டியபோது கிளம்பிய நெடியில் பறக்கத்தின் கதை வெளிவந்தது. முன்பு அந்த வளவை வாடகைக்கு எடுத்த வியாபாரி, வயலுக்கு அடிக்கும் எண்ட்ரின் பூச்சிமருந்தை அங்கே பரல் பரலாக அடுக்கியிருந்தான். சூறாவளியில் கொட்டில் சரிந்து, பரல்கள் உடைந்து, அத்தனையையும் மண் குடித்திருந்தது.

விவசாயக் கந்தோர் அதிகாரி ஐயா வந்து பார்த்தார். "இது குளோரின் சேத்துச் செஞ்ச நஞ்சு. லேசில அழியாது. வருசக் கணக்கா மண்ணுலயே கிடக்கும், மெல்ல மெல்லக் கிணத்துக்கும் இறங்கும்" என்றார்.

உன் முகம் வெளுத்தது. வீடில்லாமல் மகளுக்குக் கலியாணம் ஏது? "வேற துண்டு இல்ல மச்சான். மண்ணத்தான் மாத்தணும்" என்றாய்.

மூக்கில் துணி, கையில் றப்பர் உறை. பூமிக்கு மறுபக்கத்து ஆட்கள் கதைப்பது கேட்கும்வரை தோண்டினோம். தோண்டியதைக் கடலில் கொட்டலாம் என்றேன். "மீன் ஒனக்கு என்னடா குத்தம் செஞ்சிச்சு?" என்று ஏசினாய். மூடி போட்ட பரல்களில் அடைத்து, சீமெந்துத் தளத்தில், கூரைக்குக் கீழே வைப்பதென்று முடிவானது.

பரல் வந்து சேருமுன் குவியல் தேயத் தொடங்கியது! கறையானை விரட்டுமென்று ஊரே கூடையோடு வந்துவிட்டது. "நஞ்சு ராத்தா, எடுக்காதீங்க!" என்று நீ கத்தினாய்.

"நஞ்செண்டா நீ எப்பிடித் தம்பி கல்லுக்குண்டாட்டம் நிக்கிறாய்?" என்று எதிர்வீட்டு ராத்தா கூடையைத் தலையில் ஏற்றினா.

உண்மைக்கு மசியாத ஊரை வேறு வழியில்தான் பிடிக்கவேண்டும். அசர் தொழுதுவிட்டு, சந்தையில் ஒரே ஒரு கேள்வியை அவிழ்த்துவிட்டேன்: "எறும்பே தங்காத மண்ணு. அதப் போட்ட ஊட்டுல மருமகன் தங்குவானா?"

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழும் ஊரல்லவா நமது! பொழுதுபட்டு மஃரிபு தொழுமுன் அவ்வளவு மண்ணும் திரும்பிவிட்டது. கொண்டுபோனதைவிட மலையளவு கூட. எதிர்வீட்டு ராத்தா தன் முற்றத்தையே சுரண்டி அள்ளி வந்திருந்தா.

"என்ட மருமகன் காலையில இருந்து செருப்புத் தேடுறாருடா. இனி என்ன செய்ய?"

"கை காலச் சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவுங்க. இருந்திருவாரு" என்றேன், பள்ளிவாசல் பெரிய ஹஸ்ரத் மாதிரி.

நெடி போகும்வரை இன்னும் தோண்டி, எல்லாவற்றையும் பரல்களில் அடைத்து, புது மண் நிரப்பி, கிணற்றைத் தள்ளியிருந்த ஒருவர் காணியில் கேட்டு வெட்டி, வீடு எழும்பியது. கலியாணமும் முடிந்தது. பேரன் தவழத் தொடங்கிய நாட்களில் ஒருநாள், முற்றத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளி வாயில் போட்டான். பெண்கள் அலறினார்கள். நீ பாய்ந்து, விரலை விட்டு வழித்தெடுத்து, அந்த எச்சில் மண்ணை வெகுநேரம் முகர்ந்தாய்.

"வெறும் மண்ணு மச்சான்" என்று சிரித்தாய். "வெறும் மண்ணு."

அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்ப்பேன். உன்னை அடக்கிய நாளில் கபுறில் மண் போடும்போதும் கை தானாக மூக்கருகே போனது. நான் அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள்.

நல்ல இடம்தான் மச்சான். வெறும் மண்.