தறி நிற்கும் நாள்

காஞ்சிபுரம்
14 ஏப்ரல் 2025

பிரியமுள்ள சங்கரி அக்காவுக்கு,

குழலி எழுதுவது. போனில் நீ “சாப்ட்டியா?” என்கிறாய், நான் “ஆச்சு” என்கிறேன், பிறகு இருவருமே போனை வைத்துவிடுகிறோம். அதனால்தான் காகிதம்.

அப்பா கடலுக்கு வரச் சம்மதித்துவிட்டார். எல்லாம் வடிவாம்பாள் சித்தியின் வேலை. தறிக்குழிப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள்.

“என்ன மாமா, எங்க அக்கா கண்ண மூடினதுலேருந்து ஊட்டுக்கும் தறிக்குமே சுத்திக்கினு இருக்கீங்க. ஒரு தரம் கடல்ல முழுகிட்டு வரலாம் வாங்க.”

“எந்தக் கடலு?”

“சதுரங்கப்பட்டினம்.”

தறிச் சத்தம் நின்றது. நான் அடுக்களையில் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். மறுபடி சத்தம் தொடங்கியபோது அப்பா சொன்னார்: “கடலுக்கு வரேன். மத்தது அங்க பாத்துக்கலாம்.”

மத்தது என்றால் நீதான் அக்கா. நீ அப்பா பேச்சை மீறி சரத் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, “அவ ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன்” என்றாரே, அதன் பிறகு உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் இது.

27ஆம் தேதி ஞாயிறு. தறி நிற்கும் நாள்தான். சனிக்கிழமையே கிளம்பி, திருக்கழுக்குன்றத்தில் சித்தியின் நாத்தனார் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் கடலுக்கு வருவோம். அங்கிருந்து உன் வீட்டுக்கு அழைத்து வருவது என் பொறுப்பு.

உன் அன்புத் தங்கை,
குழலி

—

சதுரங்கப்பட்டினம்
22 ஏப்ரல் 2025

என் கண்ணு குழலிக்கு,

உன் கடிதத்தை சரத் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். இப்போது மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றிய விசைப்படகுகளின் இன்ஜின்கள் எல்லாம் அவர் கையில்தான். அந்த வேலைக்கு நடுவிலும் ஓடி வந்து, “நான் அவர என்னன்னு கூப்புடறது? மாமான்னா கோவப்படுவாரா?” என்று கேட்கிறார். “மொதல்ல வாங்கன்னு கூப்புடுங்க, அதுவே பெரிசு” என்றேன்.

வாசலுக்கு வெள்ளை அடித்தாயிற்று. அப்பா சம்மணமிட்டு உட்காருவாரா, முழங்கால் வலி இன்னும் இருக்கிறதா? எதற்கும் ஒரு பலகை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒரு ரகசியம். உதயகுமார் என்று சரத்தின் சிநேகிதர், சிறிய ஃபைபர் படகு வைத்திருக்கிறார். அதற்குத் தடை இல்லை. ஞாயிறு விடியலில் வரும் சங்கரா மீனில் நல்லதாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாங்காய் போட்டு, அம்மா வைப்பாளே, அதே குழம்பு. அப்பாவிடம் சொல்லிவிடாதே. தட்டைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

உன் அக்கா,
சங்கரி

—

காஞ்சிபுரம்
29 ஏப்ரல் 2025

அக்கா,

உன் கடிதம் நேற்று, திங்கட்கிழமைதான் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் போனில் கத்தியாவது தடுத்திருப்பேன்.

ஞாயிறு அமாவாசை, அக்கா.

‘தறி நிற்கும் நாள்’ என்று எழுதினால் போதும் என்று நினைத்தேன். நம் வீட்டில் தறிக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. அமாவாசைக்குத்தான் ஓய்வு. இருபது வருஷம் நீயும் அந்தக் கணக்கில்தானே வளர்ந்தாய். ஆனால் நீ இப்போது இருக்கும் ஊரில் ஞாயிறு என்றால் மீன். உன்மேல் குற்றமில்லை. நான்தான் ஒரு சொல் கூடுதலாக எழுதியிருக்க வேண்டும்.

அம்மா போனதிலிருந்து அப்பா அமாவாசை விரதம் இருக்கிறார். நம்மில் ஆண்பிள்ளை இல்லாததால் தானே இருக்கிறாராம். கடலில் முழுகி அவளுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டுத்தான் உன் வாசலுக்கு வந்தார். வீடு திரும்பி அம்மா படத்துக்கு இலை போடும்வரை வெளியில் காபிகூடக் குடிக்க மாட்டார்.

குழம்பு வாசனை வாசல்வரை வந்தது. சித்தி என் கையைக் கிள்ளினாள். அப்பா படியேறவில்லை. பூவரச மர நிழலில் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீ சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தபோது “வேணாம்மா” என்றார். நீ உள்ளே போனவள் நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

பஸ்ஸில் சித்தி பிடித்துக்கொண்டாள். “அந்தப் பொண்ணு அழுதுக்கினே உள்ள போச்சு. ரெண்டு மொடக்கு தண்ணி குடிச்சா கொறஞ்சா பூடுவீங்க?”

“அமாவாசைல நான் எங்க குடிச்சிருக்கேன்?” என்றார். செங்கல்பட்டு தாண்டிய பிறகு, யாரும் கேட்காமலே, “சங்கரா மீனு. மாங்கா போட்டிருந்தா” என்றார்.

குழலி

—

சதுரங்கப்பட்டினம்
5 மே 2025

குழலி,

அமாவாசையில் மீன் வைத்தது நான்தான். தப்பு. அடுக்களையில் இப்போது தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அமாவாசையாக இல்லாமல் இருந்திருந்தால் அப்பா சாப்பிட்டிருப்பாரா? உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். அவரோ ஒரு பதிலும் சொல்லத் தேவையில்லாத நாளில் வந்துவிட்டுப் போய்விட்டார்.

குழம்பை உதயகுமார் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

இனி அவரை அழைத்து வராதே. இன்னொரு முறை அந்தச் சொம்பைத் திருப்பி உள்ளே எடுத்துப்போக என்னால் ஆகாது.

சங்கரி

—

சதுரங்கப்பட்டினம்
22 மே 2025

குழலி,

என் கடிதத்தை அப்பாவுக்கு நீ படித்துக் காட்டினாயா? காட்டியிருக்கிறாய். “பெரியவ எழுதினத சின்னவ படிச்சா” என்று அவரே சரத்திடம் சொன்னாராம்.

நேற்று அப்பா இங்கே வந்தார். புதன்கிழமை. காலண்டரைப் பார்த்தேன், ஏகாதசிகூட இல்லை, ஒன்றுமில்லை. வெறும் நாள். தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

நான் வீட்டில் இல்லை.

துணி வாங்கத் திருக்கழுக்குன்றம் போயிருந்தேன். சரத் பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். வாசலில் பையோடு அப்பா நின்றுகொண்டிருந்தாராம். “வாங்க” என்றாராம் இவர். அப்பா படியேறி உள்ளே வந்து, “சோறு இருக்குதா தம்பி?” என்று கேட்டிருக்கிறார்.

காலையில் நான் வைத்துவிட்டுப் போன சோறும் ரசமும்தான். இவர் பதற்றத்தில் அப்பளம் சுடுகிறேன் என்று கருக்கிவிட்டார். “ரசத்துல உப்பு கம்மி. அவங்கம்மா கை அப்படியே இருக்குது” என்று சொல்லி, இன்னொரு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாராம்.

“அவள கூப்புடறேன், ஒரு மணி நேரம் இருங்க” என்று இவர் போனை எடுத்திருக்கிறார். “வேணாம் தம்பி. அவ வந்தா அழுவா, அப்புறம் நானும்…” என்று நிறுத்திக்கொண்டாராம். “பாதியில உட்டுட்டு வந்துட்டேன். பொழுதோட தறியில உக்காரணும்.” கடைசிவரை தம்பிதான், மாப்பிள்ளை என்று ஒரு தரமும் வரவில்லை. அதற்கே இவர் நேற்றிலிருந்து தரையில் நிற்கவில்லை.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது குழலி. ஆனால் நான் பார்க்கவில்லையே. நான்கு வருஷம் காத்திருந்தேன், அன்றைக்கு நான் ஒரு பஸ் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

பலகையை இவர் எடுத்துப் போடவே மறந்துவிட்டார். வெறும் தரையில்தான் உட்கார்ந்தாராம். எந்த இடம் என்று கேட்டேன், ஜன்னலோரத்தைக் காட்டினார். இன்றைக்கு மதியம் நான் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடு.

உன் அக்கா,
சங்கரி