அம்மன் சொன்னதாக நான் சொன்னது

மாரியம்மன் துணை

பாச்சாங், மலாக்கா
16.3.1996

அன்பு மகள் சுசீலாவுக்கு அம்மா எழுதுவது. அம்மன் கிருபையில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஷாமினியும் ஒருத்தருக்கும் தலைவலி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. டாக்டர் சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், இவர் அதையே இரண்டு வேளை மிதித்து மீன், காய் வாங்கப் பாசாருக்குப் போய் வருகிறார், கேட்டால் டாக்டர் பெரிய சைக்கிளைத்தான் சொன்னார், இது சின்ன சைக்கிள் என்கிறார். முன்வாசல் கறிவேப்பிலை நன்றாகத் தழைத்திருக்கிறது, பக்கத்து வீட்டு மலர்க்கொடி தினமும் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போகிறாள். இதெல்லாம் எழுத உட்காரவில்லை. எழுத வேண்டியதை எழுதப் பயந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் குடியிருக்கும் வீட்டை வீட்டுக்காரர் விற்கிறார், வேறு வீடும் தோதாக அமையவில்லை, மே மாதத்துக்குள் பெர்த்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இங்கே மலாக்காவுக்கு வந்துவிடுவதா, இல்லை அந்த டாஸ்மேனியா தீவில் மாப்பிள்ளைக்குக் கூப்பிட்டிருக்கிற வேலைக்குப் போவதா, மூன்று பேரும் மூன்று மாதிரி பேசிப் பேசிக் களைத்துவிட்டோம் அம்மா, நீங்கள் நம்ம கோயிலில் பூக்கட்டிப் பாருங்கள், அம்மன் எதைக் காட்டுதோ அதையே செய்கிறோம் என்று டெலிபோனில் சொன்னாய். வெள்ளைப் பூ வந்தால் மலாக்கா, சிவப்பு வந்தால் அந்தத் தீவு என்றும் நீதான் சொன்னாய். எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை நான் கோயிலிலிருந்து வந்து, வெள்ளைப் பூ வந்தது, அம்மன் உங்களை இங்கேதான் கூப்பிடுகிறாள் என்று சொன்னேன் இல்லையா. சுசீலா, அம்மன் ஒன்றும் கூப்பிடவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

அன்றைக்குக் காலையில் குளித்து முழுகி, வாழை இலையைக் கிழித்து, நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துத் தட்டில் வைத்தேன். முதல் இலையில் வெள்ளையை வைத்து நாரால் கட்டினேன். இரண்டாவது இலையை எடுத்தபோது அரளிப் பூ பக்கத்திலேயே இருந்தது. கை தானாகப் போய்விட்டது என்று எழுதலாம், அது பொய். நான் பார்த்து, தெரிந்துதான் இன்னொரு நந்தியாவட்டையை எடுத்து வைத்துக் கட்டினேன். கோயிலில் பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்து தீபாராதனை காட்டினார். அவருடைய நாலு வயது மகள் அதில் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் வெள்ளை. சுற்றி நின்றவர்கள் எல்லாம், முனியாயி அக்கா, மக வரப்போறா போல, சந்தோஷம் என்றார்கள். நானும் சிரித்தேன். நாற்பது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் போகிற கோயில் அது.

மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அம்மன் காலடியில் இருந்ததைக் குப்பையிலும் போட முடியவில்லை, செடி வேரில் கொட்டவும் மனசு வரவில்லை, சாமி மேடை ஓரமாக வைத்தேன். திங்கட்கிழமை அப்பா கற்பூரம் தேடப் போய் அதைப் பிரித்துவிட்டார். இலையை அப்படியே என் முன்னால் கொண்டுவந்து வைத்து, அம்மனுக்கு வேற வழியே விடலையே நீ என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் காப்பியைத் தானே போட்டுக் குடித்தார். மூன்றாம் நாள்தான் நான் போட்ட காப்பியைக் கையில் வாங்கினார். அம்மன் உன்ன மன்னிச்சிரும், மாப்பிள்ளை மன்னிப்பாரான்னு யோசி என்றார். அப்பாவுக்கும் நீங்கள் வர வேண்டும் என்று ஆசைதான். நீங்கள் வருவதாகச் சொன்ன அன்றைக்கே பின் அறையில் இருந்த பழைய தகரம், சாக்கு எல்லாம் எடுத்துப் போட்டு சுண்ணாம்பு அடித்தவர் அவர்.

அப்பா கோபித்ததற்காக மட்டும் இதை எழுதவில்லை. வெள்ளைப் பூ வந்தது என்று நான் சொன்ன அன்றைக்கு நீ டெலிபோனை ஷாமினியிடம் கொடுத்தாயே. வழக்கமாக அவள் என்னைக் கேலி செய்து, சாப்டாச்சா லா பாட்டி, சாமி கும்பிட்டாச்சா லா பாட்டி என்று நாங்கள் இங்கே பேசுகிற மாதிரி வார்த்தைக்கு வார்த்தை லா போடுவாள், நானும் போடி கழுதை என்பேன். அன்றைக்கு, ஓகே பாட்டி என்றாள். அவ்வளவுதான். லா இல்லை. நல்லா இருக்கியாம்மா என்று கேட்டேன், அதற்கும் ஓகே பாட்டி. டெலிபோனை வைத்த பிறகும் அது காதிலேயே இருந்தது.

அதனால் செய்த தப்பைச் சரிக்கட்ட, நீங்கள் வந்தால் ஷாமினிக்கு இங்கே எப்படி இருக்கும் என்று நிஜமாகவே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். மாப்பிள்ளைக்கு வேலை பற்றிக் கவலையே இல்லை, ஏர்கண்டிஷன் ரிப்பேர் தெரிந்தவரை இங்கே கையைப் பிடித்து இழுப்பார்கள். தெங்கேராவில் ஒரு கடைக்கு மேல் மாடி வீடு காலியாக இருக்கிறது, காற்று வருகிறது, பஸ் சத்தம்தான் அதிகம். ஆனால் ஷாமினி? வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் காலை ஏழு மணி முதல் ராத்திரி ஒன்பது வரை மணியைப் போட்டு, எந்த மணிக்கு அவளோடு பேச யார் இருப்பார்கள் என்று எழுதிப் பார்த்தேன். மலர்க்கொடி மகள் தாரணிக்கும் பதினாலு வயதுதான், பாரம் டூ படிக்கிறாள். காலை ஆறரைக்கு ஸ்கூல் பஸ், இரண்டு மணிக்கு வீடு, மூன்று மணிக்குக் கணக்கு டியூசன், ஐந்துக்கு இங்கிலீஷ் டியூசன், ராத்திரி ஹோம்வர்க். ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு. உனக்கு விளையாட நேரம் எப்படா தாரணி என்று கேட்டேன், பிஎம்ஆர் முடிஞ்சதும் பாட்டி என்றாள், அந்தப் பரீட்சைக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. இந்த வரிசையில் இருக்கிற ஒன்பது வீட்டிலும் கேட்டுவிட்டேன், எல்லாப் பிள்ளைக்கும் இதேதான். நான் எழுதிய நோட்டுப் பக்கத்தில் முக்கால்வாசி மணிக்கு எதிரே பாட்டி, தாத்தா என்றே எழுதியிருக்கிறது.

வியாழக்கிழமை பஸ் ஏறி லூபோக் சீனாவுக்கு வடிவேலு மாமா வீட்டுக்கும் போனேன். ரப்பர் தோட்டத்து ஓரம், இடம் விசாலம், அங்கே பிள்ளைக்கு நன்றாக இருக்குமே என்று ஒரு நினைப்பு. மாமா வெற்றிலையை மென்றுகொண்டு, வரட்டும்க்கா, வரட்டும், கோழி வளர்க்கட்டும் என்றார். கருப்பாயி அத்தைதான் மெதுவாக, அந்தப் புள்ள இப்பவாச்சும் பள்ளிக்கூடம் போவுதா என்று கேட்டாள். உனக்கு ஞாபகம் இருக்கும், போன டிசம்பரில் வந்தபோது எந்த வகுப்பு என்று அவள் கேட்டதற்கு, நான் ஸ்கூல் போறதில்ல அத்தைப் பாட்டி என்று ஷாமினி சந்தோஷமாகச் சொன்னாள். தோட்ட லயத்து வீட்டு வாசல்களில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் காலை கருப்பாயி தன் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக் கழித்த நீலப் பினோஃபோரைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, நாலு எக்சர்சைஸ் புத்தகத்தோடு உன் கையில் கொடுத்து, கஷ்டம்னா எங்ககிட்ட சொல்லக் கூடாதா சுசீலா, ஆஸ்திரேலியாவா இருந்தா என்ன, புள்ள படிப்ப நிறுத்தலாமா என்று அழுதாளே. நீயும் மாப்பிள்ளையும் காரில் வரும்போது வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். ஷாமினி சிரிக்கவில்லை. அதைப் போட்டுக் காட்டினா அவங்க சந்தோஷப்படுவாங்களா பாட்டி என்று என்னைக் கேட்டாள். போட்டும் காட்டினாள், நாம் மறுபடி போனபோது.

கருப்பாயியைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் வீட்டில் அரிசி இல்லை என்று அர்த்தம், இல்லாவிட்டால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அர்த்தம். நானே அப்படித்தான் மூன்றாம் வகுப்போடு நின்றேன். உன்னை மழையில் குடை பிடித்து நானே பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டதெல்லாம் அதனால்தான். நீ உன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், பாடப் புத்தகமும் வைக்காமல், அவள் கேட்டதைப் படிக்கட்டும் என்று விட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை. கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது. பிறகு டிசம்பரில் அவள் என்னிடம் வந்து, பாட்டி நீங்க எப்படி படிக்கக் கத்துக்கிட்டீங்க என்று கேட்டாள். கோயில் நோட்டீசு, சாமான் சுற்றி வந்த பேப்பர், பஸ்சில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர், இப்படித்தான் என்றேன். அப்போ நீங்களும் என்ன மாதிரிதான் என்றாள். இல்லை கண்ணு, எனக்கு வேறு வழி இல்லை என்று சொல்ல வந்தேன், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இங்கே அவள் குடிவந்தால் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கருப்பாயி கேட்டதைத்தான் கேட்பார்கள். ஒரு மாதம் என்றால் சிரித்துக்கொண்டு பதில் சொல்லுவாள். வருஷக்கணக்கில் சொல்ல முடியுமா, நீயே சொல்.

போன ஆண்டு அவள் அந்தத் தீவில் பத்து நாள் தங்கியபோது எடுத்த போட்டோவை அனுப்பியிருந்தாயே, இவளைப் போலவே பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைகள், அங்கத்து நாலைந்து குடும்பம், அவர்களோடு கடல் பறவை எண்ணப் போனது. மழைச் சட்டை, முழங்கால் வரை சேறு, வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்து சிரிக்கிறாள். இத்தனை நாளாக அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்கே குளிராக இருக்குமே என்று மட்டும்தான் பார்த்தேன். நேற்று எடுத்துப் பார்த்தபோது, இங்கே வந்திருந்தபோது அவள் அப்படிச் சிரித்தாளா என்று நினைத்துப் பார்த்தேன். சிரித்தாள், எங்களுக்காக.

எனக்கு ஆசை இல்லை என்று எழுதினால் இன்னொரு பொய் ஆகும். சாயந்தரம் ஐந்து மணிக்குக் காப்பி போடும்போது இரண்டு டம்ளர் கூடுதலாக எடுத்துவிட்டு மறுபடி வைக்கிறேன். பின் அறையில் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை, துணி மடிக்கிற சாக்கில் அங்கே போய் உட்காருகிறேன். உன் தலையைத் தொட்டு எண்ணெய் வைத்து எத்தனை காலம் ஆகிறது, போன முறை நீ அவசரம் அவசரம் என்று உட்காரவே இல்லை. எனக்கு அறுபத்தொன்று நடக்கிறது, அப்பாவுக்கு அறுபத்தெட்டு. இதையெல்லாம் நினைத்துத்தான் அந்தப் பூவை எடுத்தேன். ஆனால் அதை நினைத்து நீங்கள் வர வேண்டாம். மறுபடி பூக்கட்டிப் பார்க்கச் சொல்லாதே, என் கையை நானே நம்பமாட்டேன். மாப்பிள்ளை இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள், ஷாமினி பேச்சைக் கடைசியில் கேட்காமல் முதலில் கேளுங்கள். மாப்பிள்ளையிடம் நடந்ததை மறைக்காமல் சொல். அவர் கோபித்தால் கோபிக்கட்டும், நான் பொறுத்துக்கொள்கிறேன்.

எந்த ஊரில் விளக்கேற்றினாலும் அம்மன் அங்கே வந்து உங்களைக் காப்பாள். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, ஒற்றுமையாக, பசி அறியாமல் இருக்க வேண்டும். தீவுக்குப் போவதானால், தலைக்குக் குளித்த ஈரத்தோடு பிள்ளையை வெளியே விடாதே, மஞ்சள் தூள் அங்கே கிடைக்காது, இங்கிருந்து அனுப்புகிறேன். புது விலாசத்தைப் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் தனித்தனியாக எழுதி அனுப்பு. அந்தத் தீவின் பேரை நோட்டில் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகுகிறேன், ஏழு தடவை எழுதிவிட்டேன், இன்னும் வரிசைக்கு வரவில்லை.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துத்தான் எக்ஸ்பிரஸில் போடச் சொல்கிறேன். நானே கொண்டுபோனால் போஸ்ட் ஆபீஸ் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுவேன். அவர் சைக்கிளை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் மணி அடிக்கிறார்.

உன் அம்மா
அ. முனியாயி